பீரோவுக்குப் பின்னால் போன குட்டியை இழுக்காதீர்கள்: புதுப் பூனைக்குட்டி ஒளியும்போது நாம் செய்யும் தவறுகள்

பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடையைத் திறந்தோம், அடுத்த நொடி பீரோவுக்குப் பின்னால் போய்விட்டது, சாயங்காலம் வரை வரவே இல்லை, என்ன செய்வது என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கையை விட்டு இழுத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. உள்ளே மூச்சு முட்டுமோ, பசிக்குமோ, நம்மைப் பிடிக்கவில்லையோ என்ற பதைப்பில் செய்கிறார்கள். ஆனால் அந்த ஒரு இழுப்பு, ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய பயத்தை ஒரு வாரத்துக்கு நீட்டிவிடுகிறது.

கொஞ்சம் குட்டியின் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிப் படுத்திருந்தது. மதியம் ஒரு கூடைக்குள் அடைபட்டு, குலுங்குகிற வண்டியில் வந்து, அதுவரை முகர்ந்தே இராத வாசனைகள் நிறைந்த ஒரு இடத்தில் இறங்குகிறது. நமக்குக் காது கேட்பது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், பூனைக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும், அதனால் நாம் அமைதி என்று நினைக்கும் அறை அதற்கு அமைதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. பூனை வேட்டையாடும் பிராணிதான், ஆனால் தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையாகவும் கூடியது. தெரியாத இடத்தில் அதன் உடம்பு சொல்லும் வழி ஒன்றுதான்: முதுகுக்கு ஒரு சுவர், பக்கங்களில் மறைப்பு, முன்னால் மட்டும் பார்வை. அங்கே போய் உட்கார்ந்து அது சும்மா இருப்பதும் இல்லை. யார் நடக்கிறார்கள், எந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன நடக்கிறது, சாப்பாட்டு வாசனை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கிறது. ஒளிவது அதன் பிரச்சினை இல்லை, பிரச்சினைக்கு அது கண்டுபிடித்த வழி.

இழுப்பது

நானே செய்த தவறு இது. பல வருடங்களுக்கு முன்னால், சாம்பல் நிறக் குட்டி ஒன்று, பத்து வாரம் இருக்கும், கட்டிலுக்கடியில் சுவரோரம் போய் ஒடுங்கிக்கொண்டது. நான் தரையில் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டேன். கண்ணின் கருமணி முழு வட்டமாக விரிந்திருந்தது, காது இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடந்தன, சீறியது. குட்டிதானே, என்ன செய்துவிடும் என்று பிடரியைப் பிடித்து இழுத்தேன். மணிக்கட்டில் நான்கு கோடு போட்டது, என் மடியில் சிறுநீர் கழித்தது, விட்டதும் மறுபடி அதே மூலைக்கு ஓடிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு நாள், என் காலடிச் சத்தம் கேட்டாலே இன்னும் உள்ளே போகும். வீட்டில் மற்ற எல்லோரிடமும் இரண்டாம் நாளே வந்துவிட்டது. அந்தக் கை எப்படி இருக்கும் என்று அது நன்றாகப் பதிந்து வைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

சீறுவதைக் கோபம் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. அது ‘கிட்டே வராதே, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்பதுதான். சீறினால் இரண்டடி பின்னால் போங்கள், அதட்ட வேண்டாம். சொன்னால் இந்த மனிதர் கேட்கிறார் என்று அது தெரிந்துகொள்வது, பின்னால் நகம் வெட்டுவது முதல் மருந்து கொடுப்பது வரை எல்லாவற்றுக்கும் உதவும்.

எல்லா இடுக்கையும் அடைப்பது, அல்லது எதையுமே அடைக்காமல் விடுவது

சிலர் குட்டி ஒளியவே கூடாது என்று கட்டிலுக்கடியில் தலையணை, சோபாவுக்குப் பின்னால் பெட்டி, கதவிடுக்கில் துணி என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் குட்டி தைரியமாகிவிடாது, ஒளிய இடமில்லாத குட்டியாக மட்டும் ஆகும். நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகளுக்கு மன அழுத்தம் முதல் சில நாட்களிலேயே தெளிவாகக் குறைந்தது, மற்றவற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் குறையவில்லை. ஒரு சாதாரண அட்டைப்பெட்டி செய்கிற வேலை அது.

மறுபக்கம், எதையுமே அடைக்காமல் விட்டால் குட்டி உயிருக்கே ஆபத்தான இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபிரிட்ஜின் பின்புறம், சாய்வு நாற்காலியின் இரும்பு மடக்குக்குள், வாஷிங் மெஷினுக்குள், கதவு திறந்திருக்கும் அலமாரித் துணிகளுக்கு நடுவில், இவையெல்லாம் நடக்கிறவைதான். சோபாவை ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் மெல்லிய கறுப்புத் துணி ஒன்று பின் அடித்திருப்பார்கள், அதில் ஒரு மூலை கிழிந்திருந்தால் போதும், குட்டி அதன் வழியே உள்ளே ஏறி ஸ்பிரிங்குகளுக்கு மேல் படுத்துக்கொள்ளும். வெளியே யாரோ பொத்தென்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு குட்டியை இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் அந்தத் துணி தொட்டில்போல ஒரு இடத்தில் கீழே தொங்குவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து குட்டி வருவதற்கு முதல் நாள் சோபாவைக் கவிழ்த்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாஷிங் மெஷினை ஓடவிடுவதற்கு முன்னால் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதும் அப்படித்தான்.

ஆக, கைக்கு எட்டாத, ஆபத்தான இடுக்குகளை அடைத்துவிடுங்கள், அதற்குப் பதிலாக நல்ல ஒளிவிடங்களை வையுங்கள். அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கம் வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் சில குட்டிகளுக்கு அது பொறிபோலத் தோன்றும். ஒரு பெட்டி தரையில், இன்னொன்று கொஞ்சம் உயரத்தில். சில குட்டிகள் கீழே பதுங்கும், சில மேலே ஏறினால்தான் நிம்மதியடையும். வரும்போது வந்த கூடையை எடுத்து ஒளித்து வைக்காமல், கதவைத் திறந்து, உள்ளே அதன் பழைய துணியோடு அறையிலேயே விட்டுவிடுங்கள். பின்னால் மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளில் அந்தக் கூடை அதற்கு எதிரியாக இராது.

முதல் நாளே வீடு முழுவதையும் திறந்துவிடுவது

சுதந்திரமாக இருக்கட்டும் என்று நினைப்போம். அரைக் கிலோ, முக்கால் கிலோ எடையுள்ள குட்டிக்கு முழு வீடு என்பது தாங்கமுடியாத அளவு. ஒரே அறை போதும். அதில் சாப்பாடு, தண்ணீர், ஒளிவிடம், மறு மூலையில் மலம் கழிக்கும் தட்டு. சாப்பாட்டையும் தட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரண்டில் ஒன்றைக் குட்டி தவிர்க்க வாய்ப்புண்டு. தட்டுக்குப் போக அது திறந்த நடுத்தரையைக் கடக்க வேண்டியிருந்தால், பயந்த குட்டி போகாமல் அடக்கிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஒளிந்த இடத்திலேயே போய்விடும். அதற்காகத் திட்டுவது கொஞ்சமும் நியாயமில்லை. தட்டைச் சுவரோரமாக, பெட்டிக்குக் கொஞ்சம் அருகில் நகர்த்துங்கள்.

வெறித்துப் பார்ப்பது

புதுக் குட்டி வந்த வீட்டில் நடப்பது இது: குழந்தைகள் மூன்று பேர் தரையில் குப்புறப் படுத்து, கைபேசி விளக்கை அடித்து, ‘இதோ தெரியுது, கண்ணு தெரியுது’ என்று கூவுவார்கள். நேருக்கு நேர் இமைக்காமல் பார்ப்பது பூனைகளுக்குள் மிரட்டல். அதோடு வெளிச்சம், கூச்சல் எல்லாம் சேர்ந்தால் எப்படி வெளியே வரும்?

ஒரே ஒருவர் அறைக்குள் போங்கள். தரையில் உட்காருங்கள், நிற்காதீர்கள். குட்டிக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, எதையாவது தணிந்த குரலில் வாசியுங்கள். செய்தித்தாளாக இருந்தாலும் சரி, குரல்தான் முக்கியம். தற்செயலாகக் கண் சந்தித்தால் மெதுவாக இமையை மூடித் திறங்கள். இது பூனை வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2020-இல் இதை முறையாகச் சோதித்தும் பார்த்தது: மனிதர் மெதுவாகக் கண்சிமிட்டினால் பூனைகளும் கண்ணைச் சுருக்கி இமைத்தன, அப்படிச் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையை நோக்கி வரவும் அதிகம் முன்வந்தன. குட்டி திரும்பக் கண்ணை மூடித் திறந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு உடனே கையை நீட்டிவிடாதீர்கள்.

வாசனையை அழிப்பது. குட்டி அழுக்காக இருக்கிறது என்று வந்த அன்றே குளிப்பாட்டுகிறார்கள், துணியைத் துவைக்கிறார்கள், அறையில் வாசனைத் திரவியம் தெளிக்கிறார்கள். அதற்குத் தெரிந்த ஒரே வீடு தன் உடம்பிலும் அந்தத் துணியிலும் இருக்கும் வாசனைதான். பூனை கன்னத்தைப் பொருள்களில் தேய்ப்பதே அந்த வாசனையைப் பதித்து இடத்தைத் தனதாக்கிக்கொள்ளத்தான். முதல் வாரம் எதையும் துவைக்காதீர்கள். உண்ணி, தெள்ளுப்பூச்சி இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

சாப்பாட்டைத் தூண்டிலாக ஆக்குவது

பசித்தால் தானாக வரும் என்று கிண்ணத்தை அறை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டியின் விஷயத்தில் இது விபரீதம். சின்ன உடம்பில் சேமிப்பு கிடையாது, சர்க்கரை அளவு சீக்கிரம் இறங்கிவிடும். முதலில் ஒளிந்திருக்கும் இடத்தின் வாசலிலேயே வையுங்கள், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வேளைக்கு ஒரு சாண் என்று தள்ளிக்கொண்டு வரலாம். ஏற்கனவே சாப்பிட்டுப் பழகிய உணவையே கொடுங்கள், புது உணவுக்கு மாற்றுவது அப்புறம் மெதுவாக நடக்கட்டும். பாவமாக இருக்கிறதே என்று மாட்டுப்பால் ஊற்ற வேண்டாம், நிறையக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வரும்.

பகலில் தொடவே இல்லை, ஆனால் காலையில் கிண்ணம் காலி என்றால் கவலை இல்லை. பூனைகள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பானவை. நீங்கள் தூங்கிய பிறகு அது அறை முழுவதையும் சுற்றிவந்திருக்கும். அதோடு, குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கு மேல் தூங்கக்கூடியது. நீங்கள் ஒளிந்திருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில் பாதி, அது தூங்கிக்கொண்டிருக்கும் நேரம்.

‘தானாக வரும்’ என்று அப்படியே விட்டுவிடுவது

மேலே சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, சரி, தொந்தரவே செய்யக்கூடாது போல என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு நாள் முழுவதும் எட்டிப்பார்க்காமல் இருப்பவர்களும் உண்டு. அதுவும் தவறு, குட்டிக்கு வயது ஏற ஏறப் பெரிய தவறு. மனிதர்களோடு பழகுவதைப் பூனைக்குட்டி மிக எளிதாகக் கற்கும் காலம் சுமார் 2 முதல் 7 வாரம். அந்த நாட்களில் மனிதக் கை படாமல் தெருவில் வளர்ந்து, மூன்று மாதத்தில் உங்களிடம் வரும் குட்டிக்குப் பொறுமை மட்டும் போதாது, தினமும் வேலை செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம். நீளமான குச்சியில் கட்டிய இறகு மிக நல்ல கருவி. உங்கள் கை தூரத்திலேயே இருக்கும், அதன் கால் மட்டும் பெட்டிக்கு வெளியே நீண்டு நீண்டு வரும். முதலில் ஒரு பாதம், பிறகு தலை, ஒரு நாள் இறகைத் துரத்திவந்து உங்கள் முழங்காலில் மோதிவிட்டுத் திகைத்து நிற்கும். முடிந்ததும் குச்சியை மறக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள், நூலை விழுங்கினால் குடலை வெட்டிவிடும்.

வீட்டில் நன்றாகப் பழகிய எட்டு வாரக் குட்டி சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ வெளியே வந்துவிடும். தெருக்குட்டிக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். பக்கத்து வீட்டுக் குட்டியோடு ஒப்பிட்டு மனம் உடையாதீர்கள்.

நோயைப் பயம் என்று நினைப்பது

இதைத்தான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். உடம்பு முடியாத பூனையும் ஒளியும், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, சாப்பிட்டதா, சிறுநீர் போனதா, மலம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி 12 மணி நேரம் எதையுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரம் என்றால் கூடையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரு நாள் முழுவதும் சிறுநீர் போகவில்லை என்றாலும் அப்படித்தான். கண்ணில் பீளை, தும்மல், மூக்கொழுகல் என்றால் பூனைச் சளிக்காய்ச்சலாக இருக்கலாம். உள்ளே அடங்கியிருக்கும் கிருமி இடமாற்றத்தின் பதற்றத்தில் தலைதூக்குவது வழக்கம், மூக்கடைத்தால் வாசனை தெரியாது, வாசனை தெரியாவிட்டால் சாப்பிடாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, தொட்டால் உடம்பு சில்லென்று துவண்டு கிடந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். இந்த நேரங்களில் மட்டும், ஒளிந்த இடத்திலிருந்து எடுக்கத்தான் வேண்டும். ஒரு துண்டைப் போர்த்தி, அடியில் கை கொடுத்து, முடிந்தால் பெட்டியோடு சேர்த்தே எடுங்கள்.

பெட்டியோடு எடுப்பதில் இன்னொரு பயன், எடையும் பார்த்துவிடலாம். பெட்டியோடு நிறுத்து, காலிப்பெட்டியின் எடையைக் கழித்தால் ஆயிற்று. வளரும் குட்டி வாரத்துக்குச் சுமார் 100 கிராம் கூடும். எடை ஏறுகிறது என்றால், எத்தனை நாள் ஒளிந்தாலும் நீங்கள் நிம்மதியாகப் பொறுத்திருக்கலாம்.

ஏற்கனவே வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் முதல் நாளே முகத்துக்கு முகம் காட்டாதீர்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் இடத்தில் வைத்து, வாசனை பழகிய பிறகு கதவிடுக்கு வழியே பார்க்கவிடுங்கள், அதற்கே ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

நன்றாகப் பழகிய பிறகும், விருந்தாளி வந்த அன்று, தடுப்பூசி போட்ட மறுநாள், மேசை நாற்காலியை இடம் மாற்றிய நாள் என்று குட்டி மறுபடி பெட்டிக்குள் போகும். பழகியதெல்லாம் போச்சே என்று பதற வேண்டாம், இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிடும். இனி எதற்கு என்று அந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் சாம்பல் பூனைக்கு இப்போது ஏழு வயது, மிக்ஸி ஓடும்போது அது இன்னும் பெட்டிக்குள்தான் போகிறது, நின்றதும் வாலை நட்டமாகத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வருகிறது.