கோல்ஃப் பயிற்சி: முதலில் புட்டரை எடுங்கள்

சென்னையில் ரேஞ்சுக்கு (பந்தடித்துப் பழகும் மைதானம்) வருபவர்களில் பெரும்பாலோரின் கை, பக்கெட் பந்து வாங்கியதும் நேராக டிரைவருக்கு, அதாவது மிகத் தொலைவுக்கு அடிக்கும் மட்டைக்குப் போகிறது. வெயில் ஏறுவதற்குள் பக்கெட்டைக் காலி செய்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பதினெட்டுக் குழிகளையும் முடிக்க வகுத்த அடிக்கணக்கான பார் 72 என்றால், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் புட்டிங்குக்கே, அதாவது புட்டர் மட்டையால் பந்தைக் குழிக்குள் உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாதியை யார் பழகுவது?

கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, குழியிலிருந்து நான்கு அடி தள்ளி, பந்தை ஏற்றிவைக்கும் டீ குச்சிகள் இரண்டை ஊன்றுங்கள். புட்டரின் தலை நடுவில் நுழைந்து போக வேண்டும். இரு பக்கமும் அரை விரல் இடைவெளி போதும். குச்சிகளுக்கு நடுவே பந்தை வைத்து அடியுங்கள். தலையின் நுனி வெளிக்குச்சியில் இடித்தால் மட்டையை வெளியே தள்ளுகிறீர்கள். காம்புப் பக்கம் உள்குச்சியில் இடித்தால் உங்களை நோக்கி இழுக்கிறீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டாம், குச்சியே காட்டிக்கொடுத்துவிடும். டைகர் உட்ஸ் செய்யும் பயிற்சியும் இதுதான்.

அடுத்தது தூரம். ஒரு குழிக்கு மூன்று புட் ஆவதற்குப் பெரும்பாலும் திசை காரணமல்ல, வேகம்தான். குழிக்கு இரண்டு அடி பின்னால் ஒரு மட்டையைக் குறுக்கே போடுங்கள். பத்து, இருபது, முப்பது அடியிலிருந்து மாறி மாறி அடியுங்கள். பந்து குழியைத் தாண்ட வேண்டும், மட்டையைத் தொடக் கூடாது. ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை அடிக்காதீர்கள். ஆட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது.

பெர்முடா புல் கிரீன் என்றால் புல் சாய்ந்திருக்கும் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். நான் வழக்கமாக அழைத்துப்போகும், மட்டைப் பை சுமக்கும் கேடி, சரிவைப் பார்ப்பதற்கு முன் குழியின் விளிம்பைத்தான் பார்ப்பார். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். எதிர்ப்பக்கம் பிசிறடித்துப் பழுப்பேறியிருக்கும். புல் அந்தப் பிசிறு பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். "சார், இது ஓடும்" என்பார். ஓடும். நின்று பார்க்கையில் புல் பளபளத்தால் பந்து வேகமாகப் போகும், மங்கலாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்தி அடிக்க வேண்டும்.

டிரைவருக்குக் கடைசிப் பத்துப் பந்துகள் போதும். ஒவ்வொன்றுக்கும் வேறு குறி வையுங்கள்.

சிப்பிங்குக்கு, அதாவது கிரீனுக்கு வெளியிலிருந்து பந்தைச் சற்றே தூக்கி உள்ளே போடுவதற்கு, ஒரு துண்டு போதும். கிரீனின் ஓரத்திலிருந்து மூன்று அடி உள்ளே விரித்து, பந்து அதில் விழும்படி அடியுங்கள். அதே வீச்சை வெட்ஜ், ஒன்பதாம் எண், ஏழாம் எண் அயர்ன் என்று மட்டையை மாற்றிப் பாருங்கள். எது எவ்வளவு உருளும் என்பது கைக்குத் தெரிந்துவிடும்.

பங்கரில், அதாவது மணல் குழியில், முதலில் பந்தே வேண்டாம். மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்து, கோட்டின் மேலேயே மட்டை இறங்குமாறு வீசிக்கொண்டே முன்னே நகருங்கள். மட்டை பறிக்கும் பள்ளம் கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் எடை பின்காலிலேயே தங்கிவிட்டது. கோடு சரியாக அழியத் தொடங்கியபின், அதற்கு இரண்டு அங்குலம் முன்னே பந்தை வையுங்கள். இதைப் பயிற்சி பங்கரில் மட்டும் செய்யுங்கள். ஆட்டத்தின்போது அடிப்பதற்கு முன் மட்டையால் மணலைச் சோதித்தால் தண்டனை உண்டு.