பழைய டிராக்டரை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றுவது எப்படி?

1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் டிராக்டரில் இருப்பது 6 வோல்ட் பேட்டரி, அதற்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை வண்டியின் பாடியோடு இணைந்திருப்பது). அந்தக் காலத்துப் பெட்ரோல் டிராக்டர்கள் பலவும் இதே அமைப்புதான். அவற்றை 12 வோல்ட், ஆல்டர்னேட்டர் (டைனமோவுக்குப் பதிலாகச் சார்ஜ் ஏற்றும் கருவி), நெகட்டிவ் எர்த் என்று மாற்றும் வழியை இங்கே பார்ப்போம்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்) மெதுவாகச் சுற்றுவதால்தான் பலர் 12 வோல்ட்டுக்கு ஓடுகிறார்கள். ஆனால் அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். அதனால் துருப்பிடித்த எர்த் இணைப்பும் மெல்லிய பேட்டரி கேபிளும் இங்கே ரொம்பவே படுத்தும். எர்த் இடத்தைப் பளபளவென்று சுரண்டி, தடித்த கேபிள் போட்டுப் பாருங்கள். வண்டி கிளம்பிவிட்டால் இந்த மாற்றமே தேவையில்லை என்பது என் கருத்து.

படி 1: கழற்றுவது

பழைய ஒயர்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் அடையாளச் சீட்டு ஒட்டுங்கள். அப்புறம் பேட்டரி. எர்த் ஆன முனையை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பழைய வண்டியில் அந்த முனை பாசிட்டிவ். வேலை முடிந்ததும் அது நெகட்டிவ் ஆகிவிடும். 'எப்போதும் மைனஸை முதலில் கழற்று' என்று பழகிய கை இங்கே தடுமாறும். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

டைனமோவையும், அதற்கும் பேட்டரிக்கும் இடையில் உள்ள கட்-அவுட் அல்லது ரெகுலேட்டரையும் எடுத்துவிடலாம்.

படி 2: ஆல்டர்னேட்டர்

ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த ஆல்டர்னேட்டரை வாங்குங்கள். டெல்கோ 10எஸ்ஐ இதற்குப் பெயர் போனது. உங்கள் பெல்ட் அகலத்துக்கு ஏற்ற புல்லி வேண்டும். எஞ்சின் புல்லியோடு அது ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கோணல் இருந்தால் பெல்ட் சீக்கிரம் தேயும்.

10எஸ்ஐ ஒயரிங் சுலபம். பெரிய முனையிலிருந்து அம்மீட்டர் வழியாக பேட்டரி பாசிட்டிவுக்கு ஒரு தடித்த ஒயர். '2' என்ற முனையிலிருந்து அதே பெரிய முனைக்கு ஒரு சிறு ஒயர். '1' என்ற முனை சாவி சுவிட்சுக்குப் போகும். நடுவில் ஒரு டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடுவது), அதன் கோடு போட்ட பக்கம் ஆல்டர்னேட்டரை நோக்கி. டயோடுக்குப் பதில் சின்ன 12 வோல்ட் பல்பும் போடலாம், அது சார்ஜ் விளக்காகவும் உதவும்.

ஒற்றை ஒயர் ஆல்டர்னேட்டரும் கிடைக்கிறது. ஆனால் பழைய டிராக்டரின் ஐடிலிங் வேகத்தில் அது விழிக்காது. ஒருமுறை ஆக்ஸிலரேட்டரைக் கூட்டினால்தான் சார்ஜ் ஏறும். எனக்கு மேலே சொன்ன மூன்று ஒயர் வகைதான் பிடிக்கும்.

படி 3: காயில்

ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட் தருவது காயில். அதிகம் கருகுவது இங்கேதான். காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் ஓடும். அதே காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 8 ஆம்பியர், சூடு நான்கு மடங்கு. காயிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அதன் கரண்டைத் திறந்து மூடும் பாயிண்டும் சேர்ந்து போய்விடும்.

தீர்வு இரண்டு. வெளி ரெசிஸ்டர் தேவைப்படாத, சுமார் 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில் போடலாம். இல்லையென்றால் பழைய காயிலுக்கு முன்னால் 1.5 ஓம் பேலஸ்ட் ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் தடை) சேர்க்கலாம். எதுவானாலும் கரண்ட் 4 ஆம்பியர் அளவில் நிற்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் 24 வாட் சூட்டை வெளியே தள்ளும், ஆகவே பீங்கான் வகையாக வாங்கி, ஒயர்களில் ஒட்டாதபடி உலோகத்தில் திருகுங்கள்.

பிளஸ், மைனஸ் குறித்த காயிலில் இனி மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமல் தானே ஸ்பார்க் தருவது) உள்ள வண்டியென்றால் இந்தப் படியே கிடையாது.

படி 4: மற்றவை

செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டாம். முனை மாறினாலும் அது அதே திசையில்தான் சுற்றும், முன்னைவிட வேகமாக. பட்டனை நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்காமல் இருந்தால் போதும். சொலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) மட்டும் 12 வோல்ட் ஆக வேண்டும். 8என்-ல் ஸ்டார்ட் பட்டன் சொலினாய்டுக்கு எர்த் கொடுக்கும் வகை, எனவே அந்த வகையையே கேட்டு வாங்குங்கள். பல்புகள் எல்லாம் 12 வோல்ட். அம்மீட்டர் அப்படியே இருக்கட்டும். முள் தலைகீழாக ஆடினால் அதன் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றுங்கள். தடித்த பழைய கேபிள் நன்றாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

படி 5: சோதனை

பேட்டரி மாட்டும் முன் நெகட்டிவ்தான் பாடிக்குப் போகிறதா என்று இருமுறை பாருங்கள். தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். சரி, இப்போது கிளப்புங்கள். ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். 12.6 அல்லது அதற்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. '1' முனை ஒயரை முதலில் பாருங்கள். சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் ஓடினால் படி 2-ல் சொன்ன டயோடு விடுபட்டிருக்கும், அல்லது பழுதாகியிருக்கும்.