ஈரல் கொழுப்புக்கு மாத்திரை கேட்கும் முன்

நாகர்கோவில் வடசேரியில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "ஸ்கேன்ல கிரேடு ஒண்ணுன்னு போட்டிருக்கு அக்கா, ஒரு மாத்திரை தாங்க" என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ரத்தச் சீட்டைத்தான். கிரேடு என்பது கொழுப்பின் அளவு. மருந்து தேவையா என்பதை ஈரலில் விழுந்த தழும்புதான் முடிவு செய்கிறது.

அதை வீட்டிலேயே ஓரளவு கணக்கிடலாம். ரத்தச் சீட்டில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு ஈரல் என்சைம் அளவுகள் இருக்கும். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து (2 லட்சம் என்றால் 200), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுங்கள். வயது 50, எஸ்.ஜி.ஓ.டி. 60, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 2 லட்சம் என்றால் விடை கிட்டத்தட்ட 1.9. 1.3-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2. உங்கள் வயதுக்கான எல்லைக்கு மேல் போனால், ஈரலின் விறைப்பை அளக்கும் பைப்ரோஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, மருந்துகள். சுகர் உள்ளவர்களின் ரத்தக் கொழுப்புக்குத் தரும் சரோகிளிட்டசார் மாத்திரைக்கு இந்தியாவில் 2020-இல் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம் மாத்திரை, 2025 ஆகஸ்டில் செமாக்ளூடைட் ஊசி. இரண்டுமே நடுத்தரம் முதல் முற்றிய தழும்பு வரை உள்ளவர்களுக்கு. ஈரல் சுருங்கியவர்களுக்கு அல்ல. சுகருக்கு மெட்பார்மின் அருமையான மாத்திரை, ஆனால் ஈரல் அழற்சியை அது ஆற்றுவதில்லை. கொலஸ்டிராலுக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் ஈரலுக்குப் பயந்து தாங்களாகவே நிறுத்துகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு மாரடைப்புதான் பெரிய ஆபத்து. வைட்டமின் ஈ மாத்திரையையும் கேட்டதும் எடுத்துத் தர மாட்டேன். சுகர் இல்லாத சிலருக்கு மட்டும் டாக்டர் எழுதுவது அது. ரத்தக்கசிவு அபாயம் உண்டு.

எந்த மருந்தோடும் எடை குறைய வேண்டும். 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியும் தணியும். மரச்சீனிக் கிழங்கைப் பாதியாக்குங்கள், மீனை விட வேண்டாம், பொரிப்பதற்குப் பதில் குழம்பு வையுங்கள். சாராயம் அறவே கூடாது.

அப்புறம், பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையை எழுதித் தந்திருந்தால், இதய பலவீனம் இருப்பதை முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.