நவம்பர் வரை காத்திருக்காதீர்கள்: பி.எஃப். பென்ஷன்காரர்களின் லைஃப் சர்டிபிகேட்

நவம்பர் பிறந்தால் போதும், பெங்களூரில் எங்கள் ஹொங்கசந்திரா பக்கம் பி.எஃப். பென்ஷன் வாங்குகிற அக்காக்களும் அண்ணன்களும், உயிரோடு இருக்கிறோம் என்று வருடா வருடம் காட்டுகிற லைஃப் சர்டிபிகேட்டுக்காக அலைய ஆரம்பித்துவிடுவார்கள். வங்கியில் கூட்டம், சைபர் கடையில் கூட்டம். நவம்பர் என்பது மத்திய அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கான மாதம். கம்பெனியில், மில்லில், கார்மெண்ட்ஸில் வேலை பார்த்து இ.பி.எஸ். 95 என்கிற பி.எஃப். பென்ஷன் திட்டத்தில் பென்ஷன் வாங்கும் நமக்கு அந்தக் கணக்கே கிடையாது. வருடத்தில் எந்த நாளும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. போன ஜூன் 10-ஆம் தேதி கொடுத்தவர் இந்த ஜூன் 10-க்குள் திரும்பக் கொடுக்க வேண்டும். "நவம்பர்லதானே" என்று இருந்துவிட்டால் ஜூன் கடந்ததும் பணம் நின்றுவிடும். என்னிடம் பென்ஷன் வரவில்லை என்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். அதனால் முதல் வேலை, கடைசியாகக் கொடுத்த தேதியைக் கண்டுபிடித்து வீட்டுக் காலண்டரில் அடுத்த வருடத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் குறித்து வைப்பது.

நான் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லராகச் சேர்ந்து லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். 2016 ஏப்ரலில் பி.எஃப். பணம் எடுக்கும் விதியை மாற்றினார்கள் என்று ஓசூர் ரோட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்கி உட்கார்ந்தோமே, அதில் நானும் இருந்தேன். அந்த விதியை அரசு வாபஸ் வாங்கியது. ஆனால் கூட உட்கார்ந்தவர்களில் பென்ஷன் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். நடுவில் வேலையை விட்டுவிட்டு 10சி படிவம் எழுதிக் கொடுத்து பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்தவர்களே அதிகம். பிள்ளை ஸ்கூல் ஃபீஸ், ஊரில் கல்யாணம் என்று அவரவருக்கு ஒரு அவசரம். மிச்சமிருக்கும் எங்களுக்கு வருவது ஆயிரம், இரண்டாயிரம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது. அதன் பிறகு விலைவாசி எங்கே போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, வருகிற ஆயிரத்தையாவது விடாமல் வாங்குவோம்.

வேண்டியவை ஆதார் எண், பி.பி.ஓ. எண், பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு எண், கையில் இருக்கும் ஒரு மொபைல். பி.பி.ஓ. என்பது பென்ஷன் அனுமதித்தபோது பி.எஃப். ஆபீஸ் கொடுத்த ஆணை. அந்தக் காகிதம் தொலைந்து போனாலும் பயமில்லை. பி.எஃப். நிர்வாகமான இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் பென்ஷனர் போர்ட்டல் என்று ஒன்று உண்டு; அதில் வங்கிக் கணக்கு எண்ணையோ பழைய பி.எஃப். எண்ணையோ போட்டால் பி.பி.ஓ. எண்ணைக் காட்டிவிடும். மொபைல் எண்ணாக மகனுடையதைக் கொடுக்கலாம்தான். ஆனால் அவர் ஒயிட்ஃபீல்டில் ஷிஃப்டில் இருக்கும் நேரத்தில் ஓ.டி.பி. அவருக்குப் போய்விட்டு நீங்கள் இங்கே முழித்துக்கொண்டு இருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் போனாகப் பாருங்கள்.

இப்போது வீட்டிலேயே செய்கிற வழி. ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரிலிருந்து இரண்டு ஆப் இறக்க வேண்டும்: லைஃப் சர்டிபிகேட் எடுக்கும் ஜீவன் பிரமாண், அதோடு ஆதார் ஃபேஸ் ஆர்.டி. இரண்டாவது ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, "வேலை செய்யல" என்று அழித்துவிடாதீர்கள். முகம் பார்க்கிற வேலையைப் பின்னால் இருந்து செய்வது அதுதான். ஜீவன் பிரமாணைத் திறந்ததும் முதலில் ஆபரேட்டர் என்று கேட்கும். போனைப் பிடித்து உதவுகிறவர் தன் ஆதார், மொபைல், இமெயில் கொடுத்துத் தன் முகத்தைக் காட்ட வேண்டும். பென்ஷன்காரரே தனக்குத்தானே ஆபரேட்டராகவும் இருக்கலாம். அப்புறம்தான் பென்ஷன்காரரின் விவரம்.

இந்தப் பக்கத்தில் நிதானம் வேண்டும். சான்றிதழ் நிராகரிக்கப்படுவது முகத்தால் அல்ல, இங்கே தப்பாகத் தட்டுவதால்தான். பென்ஷன் அனுமதித்த அமைப்பு எது என்ற கேள்விக்கு இ.பி.எஃப்.ஓ. என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வழங்கும் அமைப்பு எது என்று அடுத்து கேட்கும். பணம் ஸ்டேட் பேங்க்கில் விழுகிறது, அல்லது கனரா பேங்க்கில் விழுகிறது என்று நம்மவர்கள் வங்கியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அங்கேயும் இ.பி.எஃப்.ஓ. தான். அதற்குக் கீழே எந்த அலுவலகம் என்று வரும், உங்கள் பி.பி.ஓ. எந்த ஆபீஸில் போட்டதோ அது. பீன்யாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு பொம்மனஹள்ளிக்கு வீடு மாறியவருக்கும் பழைய ஆபீஸ்தான். பி.பி.ஓ. காகிதத்தின் தலைப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் வகையில் சர்வீஸ், ஃபேமிலி என்று இரண்டு உண்டு. சொந்த உழைப்புக்கு வருவது சர்வீஸ், கணவர் இறந்த பிறகு அவர் கணக்கில் வருவது ஃபேமிலி. எங்கள் வட்டாரத்தில் இரண்டும் வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். கணவர் மில்லில், இவர் கார்மெண்ட்ஸில். அவர்களுக்கு இரண்டு பி.பி.ஓ., ஆகவே இரண்டு சான்றிதழ். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, "அவரோட பணம் மட்டும் ஏன் நின்னுபோச்சு" என்று கேட்பார்கள். மறுமணம் ஆகிவிட்டதா என்றும் கேட்கும். எழுபது வயதில் அதைப் படித்துக் காட்டினால் சிலர் சிரிப்பார்கள், சிலருக்குக் கோபம் வரும். விதவைப் பென்ஷன் மறுமணத்தோடு முடிவதால் கேட்கிறார்கள். இல்லை என்று தட்டிவிட்டு மேலே போங்கள்.

முகம் காட்டுவதற்கு வெளிச்சம் முக்கியம். வரிசை வீடுகளில் உள்ளே பகலிலும் இருட்டு. வாசலில் முதுகைக் காட்டி உட்கார வைத்தால் முகம் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலைப் பார்த்து உட்கார வையுங்கள், பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். எதிர்வீட்டு அக்கா ஒருவர் பவுடர் போட்டுப் பூ வைத்துக்கொண்டு வந்தார். வட்டத்துக்குள் முகம் வந்ததும் கண்ணைச் சிமிட்டச் சொல்லி ஆப்பில் வந்தது. "அக்கா, கண்ணை மூடித் திறங்க" என்றேன். சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி கண்ணை இறுக மூடிக்கொண்டார், திறக்கவே இல்லை. ஆப் தோல்வி என்றது. "அக்கா, தூசி விழுந்தா சிமிட்டுவீங்களே, அப்படி" என்று சொன்ன பிறகு சட்டென்று ஆகிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் இன்னும் சுலபம்.

முகம் பார்க்கும் இந்த வசதி 2021 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன்னால் கைரேகைதான், அதில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊதுவத்தி உருட்டியவர்களுக்கும் வீட்டு வேலையில் சோப்புத் தண்ணீரில் ஊறியவர்களுக்கும் விரலில் ரேகையே தேய்ந்து போயிருக்கும். அவர்களை இப்போதும் சைபர் கடையில் கைரேகை மிஷினில் விரலைத் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்கிறார்கள். "முகத்துல பண்ணுங்க" என்று நீங்களே கேளுங்கள்.

முடிந்ததும் பிரமாண் ஐடி என்று ஒரு எண் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். பெரும்பாலானவர்கள் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அந்தச் சான்றிதழ் பி.எஃப். ஆபீஸுக்குப் போய், அவர்கள் விவரத்தை ஒப்பிட்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். பி.பி.ஓ. எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தாலும் நிராகரித்துவிடுவார்கள். சில நாள் கழித்து பென்ஷனர் போர்ட்டலில் ஜீவன் பிரமாண் விசாரணைப் பகுதியைத் திறந்து பாருங்கள். நிராகரித்திருந்தால் சரியான விவரத்தோடு புதிதாக இன்னொன்று செய்ய வேண்டும், பழையதைத் திருத்த வழியில்லை.

போனே வேண்டாம் என்பவர்களுக்குத் தபால்காரர் இருக்கிறார். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பேங்க் மூலம் வீட்டுக்கே வந்து செய்து தருவார்கள். 155299-க்கு போன் செய்து கேட்கலாம். பொதுவாக 70 ரூபாய் கட்டணம். இ.பி.எஸ். பென்ஷன்காரர்களுக்கு அந்தச் செலவை இ.பி.எஃப்.ஓ.வே ஏற்கும் என்று 2025 நவம்பரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, அதனால் பணம் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இதுதான் சரி. நேரில் பி.எஃப். ஆபீஸுக்கும் போகலாம். கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்கு பஸ் இலவசம், முட்டி வலிக்குத்தான் யாரும் இலவசம் தருவதில்லை.

"உங்க லைஃப் சர்டிபிகேட் முடியுது, ஓ.டி.பி. சொல்லுங்க" என்று போன் வந்தால் பேசாமல் வைத்துவிடுங்கள். பி.எஃப். ஆபீஸிலிருந்து யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆதார் போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு "யாராவது பண்ணிக் கொடுங்க" என்று கேட்கும் பழக்கமும் வேண்டாம்.

ஏற்கெனவே நின்றுபோயிருந்தாலும் பணம் போய்விடாது. சான்றிதழ் ஏற்கப்பட்டதும் நின்ற மாதங்களின் பாக்கியும் சேர்ந்து வரும். மார்ச் கடைசியில் மட்டும் பதற வேண்டாம். மற்ற மாதங்களில் கடைசி வேலை நாளுக்குள் பணம் விழும், மார்ச் மாதத்துடையது ஏப்ரலில்தான் வரும்.

சான்றிதழ் ஏற்கப்பட்டும் பணம் வரவில்லையென்றால் 14470-இல் கேளுங்கள், அல்லது இ.பி.எஃப்.ஓ. புகார்த் தளத்தில் எழுதுங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் "நிதி ஆப்கே நிகட்" என்று குறைதீர் முகாம் நடக்கிறது, அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாளில். கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், தமிழில் பேசினால் புரிந்துகொள்கிற யாராவது அங்கே இருப்பார்கள். பி.பி.ஓ. நகல், பாஸ்புக்கின் முதல் பக்கமும் பணம் கடைசியாக விழுந்த பக்கமும், பிரமாண் ஐடி வந்த எஸ்.எம்.எஸ். இவற்றை எடுத்துப் போங்கள். மனுவில் இரண்டு பிரதி எழுதி, உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள்.