வாயைக் கட்டினால் போதும் என்று நினைப்பது முதல் தவறு

போன மாதம் தேக்கா உணவங்காடியில் என் மைத்துனரோடு மதியச் சாப்பாடு. அவருக்கு ஆட்டிறைச்சி பிரியாணி. ஒரு கையில் கைப்பேசி, மறு கை தட்டில். ஒன்பதாவது நிமிடம் தட்டு காலி. "வயிறு நிறைஞ்ச மாதிரியே இல்லையே மச்சான்" என்று சொல்லி இரண்டு வடையும் ஒரு தே தாரிக்கும் வாங்கி வந்தார். எம்ஆர்டிக்கு நடந்து போகும்போது அதே மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு முட்டுது" என்றார்.

அவருக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை என்று அக்கா சொல்லுவார். எனக்கென்னவோ அவர் சாப்பிட்ட வேகம்தான் காரணம் என்று படுகிறது. வயிறு விரிவது மட்டுமே நிறைவு ஆகாது. உணவு சிறுகுடலுக்கு இறங்கினால்தான் அங்குள்ள செல்கள் வேலையைத் தொடங்கும். கொழுப்பும் புரதமும் வந்து பட்டதும் முதலில் சுரப்பது சிசிகே என்ற ஹார்மோன். அது வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்பி, இரைப்பையையும் மெதுவாகக் காலியாகச் செய்கிறது. குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இன்னும் இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. இதெல்லாம் சேர்ந்து 'போதும்' என்ற எண்ணம் பிறக்க இருபது நிமிடம் வரை ஆகலாம். ஒன்பது நிமிடத்தில் முடித்தவருக்கு அந்தச் செய்தி வடைக்கு அப்புறம்தான் கிடைக்கும். ஒரே அளவு ஐஸ்கிரீமை 5 நிமிடத்திலும் 30 நிமிடத்திலும் சாப்பிட வைத்து ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2010இல் வந்தது. மெதுவாகச் சாப்பிட்டபோது பிஒய்ஒய், ஜிஎல்பி-1 இரண்டும் அதிகமாகச் சுரந்திருந்தன. ஐஸ்கிரீமை அரை மணி நேரம் உருகவிட்டுச் சாப்பிட யாருக்குப் பொறுமை இருக்கும் என்பது வேறு விஷயம்.

சாப்பிடும் வரிசையிலும் நமக்கு ஒரு பழக்கம். முதலில் சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைவோம், காயும் மீனும் ஓரத்தில் காத்திருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். காய்கறி, அப்புறம் இறைச்சி, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறுவதில்லை என்று சிங்கப்பூரிலேயே செய்த ஆய்வு ஒன்று காட்டியது. சோற்றை விடச் சொல்லவில்லை, கொஞ்சம் காத்திருக்கத்தான் சொல்கிறேன். இனிப்பான பானத்துக்கோ இந்த 'போதும்' செய்தி அவ்வளவாகக் கிளம்புவதே இல்லை. தே தாரிக்குக்குப் பதிலாக, பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் என்று கேட்டுப் பழகலாம். முதல் வாரம் கசக்கும்.

காலையில் பசியாறாமல் விட்டால் எடை குறையும் என்பது இன்னொரு கணக்கு. சிலருக்கு ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் மதியம் அதை வட்டியோடு எடுத்துக்கொள்பவர்கள்தான் எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம். பசியைக் கிளப்பும் ஹார்மோன் கிரெலின், பெரும்பாலும் இரைப்பையில் சுரப்பது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999இல் கண்டுபிடித்தார்கள். அது நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏறி, பிறகு இறங்கும். அதனால் பசி அலை போல வந்து போகும், ஏறிக்கொண்டே இருக்காது. இது தெரியாததால்தான் மூன்றரை மணிக்கு லேசாக வயிறு கிள்ளியதும் பதறிப்போய் கறி பஃப் வாங்குகிறோம்.

இரவு வேலை செய்பவர்கள் தூக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது. கொழுப்புத் திசுவிலிருந்து வந்து பசியைத் தணிக்கும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது.

எடையைக் குறைத்தவர்கள் அது திரும்ப ஏறும்போது தங்களையே திட்டிக்கொள்வதைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அவர்களுடைய கிரெலின் முன்பைவிட அதிகம், பிஒய்ஒய்யும் சிசிகேயும் லெப்டினும் குறைவு. 2011இல் வந்த முடிவு இது. உடல் இழந்த எடையைத் திரும்பக் கேட்கிறது. பத்து வாரத் திட்டம் போடுகிறவர்கள் பதினோராவது வாரத்துக்கும் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, எடை குறைக்கப் போடும் ஊசி. இப்போது கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இதே பேச்சுதான். நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடங்களிலேயே பாதியாகச் சிதைந்துவிடும். அதைப் போலச் செய்த செமாகுளுடைட் என்ற மருந்து பாதியாகக் குறைய ஒரு வாரம் ஆகிறது, அதனால்தான் வாரம் ஓர் ஊசி. 'ஜிஎல்பி-1 ஹார்மோன் மாத்திரை' என்று இணையத்தில் விற்பதை நம்பி வாங்காதீர்கள். இந்த ஹார்மோன் புரத வகையைச் சேர்ந்தது, வெறுமனே விழுங்கினால் வயிறு ஜீரணித்துவிடும். செமாகுளுடைட் மாத்திரையாகவும் உண்டு. ஆனால் உறிஞ்சிக்கொள்ள உதவும் ஒரு பொருளைத் தனியாகச் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள், வெறும் வயிற்றில் கொஞ்சம் தண்ணீரோடுதான் குடிக்க வேண்டும். ஊசியோ மாத்திரையோ, சிங்கப்பூரில் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே வாங்க முடியும். தோழி மிச்சம் வைத்ததைப் போட்டுப் பார்ப்பதெல்லாம் ஆபத்து.

போட ஆரம்பித்தவர்கள் எடை குறைந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். செமாகுளுடைட்டை நிறுத்தியவர்களை ஓராண்டு கவனித்ததில், குறைந்த எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியிருந்தது. பசி இல்லாததால் வெறும் ரொட்டியும் காப்பியுமாக நாளை ஓட்டுவதும் நல்லதல்ல, கொழுப்போடு தசையும் கரையும். முட்டை, பருப்பு, மீன், தவ்வு என்று ஏதாவது புரதம் ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். இன்சுலினும் சேர்த்துப் போடுபவர்கள் சர்க்கரை தாழ்ந்துபோகாமல் அளவை மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். எண்டோஸ்கோப்பிக்கோ அறுவைக்கோ நாள் குறித்திருந்தால் இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரைப்பை மெதுவாகக் காலியாவதால், முதல் நாள் இரவு சாப்பிட்டது காலையிலும் உள்ளே இருக்கக்கூடும்.