கறுத்துப்போன லாவா ஆறிய லாவா அல்ல

காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்கு, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவு அந்நிய ஊர் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சம் அங்கே இன்றும் தீ மிதிக்கிறது, காவடி எடுக்கிறது. என் அத்தை மகன் போனது விமானத்தில், பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு, வேலைக்காக. ஒரு நாள் ராத்திரி அவன் அனுப்பிய வீடியோவில் மலைச்சரிவு முழுக்கச் சிவப்புக் கோடுகள். அத்தைக்கு உயிரே போய்விட்டது. "வீட்டைப் பூட்டிட்டு முதல்ல கிளம்பி வாடா" என்று போனில் கத்தினாள். இரண்டு வாரம் கழித்து, எரிமலை அடங்கிய பிறகு, கறுப்புப் பாறை மேல் அவன் நிற்கும் படம் வந்தது. அத்தை நிம்மதியானாள். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

சிவப்பாக இருந்தால் ஆபத்து, கறுத்தால் சரியாகிவிட்டது என்ற கணக்கில்தான் முக்கால்வாசித் தவறுகளும் நடக்கின்றன.

முதலில் அத்தையின் பயம். பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்ற அந்த எரிமலை உலகத்திலேயே அடிக்கடி வெடிப்பவற்றில் ஒன்று. 2,632 மீட்டர் உயரம். ஆனால் லாவா, அதாவது எரிமலைக் குழம்பு, பெரும்பாலும் மலையைச் சுற்றியுள்ள பெரிய பள்ளத்துக்குள்ளேயே ஓடிக் கடல் பக்கம் இறங்கிவிடும். அந்தப் பள்ளத்தில் குடியிருப்பு கிடையாது. தலைநகர் செயின்ட் டெனி கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விதிவிலக்கு உண்டு. 1977இல் லாவா பள்ளத்துக்கு வெளியே வெடித்துக் கிளம்பி பித்தோன் செயின்ட் ரோஸ் என்ற ஊருக்குள் வந்தது. வீடுகளை விழுங்கிவிட்டு, மாதா கோயில் வாசல் வரை வந்து, இரண்டு பக்கமும் பிரிந்து போனது. ஊர் ஜனத்தை முன்பே வெளியேற்றியிருந்தார்கள். அதனால் தீவு முழுக்க அழிகிறது என்று அலற வேண்டாம். அரசு கிளம்பச் சொன்னால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தக் கறுப்பு. நெல் அவித்த அடுப்பில் உமி எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே சாம்பல் பூத்துக் கிடக்கும், குச்சியால் கிளறினால் உள்ளே கனல். லாவா வெளியே வரும்போது 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். காற்றுப் பட்டதும் மேல்தோல் நிமிடங்களில் கறுத்து இறுகிவிடும். அந்தத் தோலே உள்ளிருக்கும் சூட்டுக்குப் போர்வை. ஹவாயில் 1959இல் கிலவேயா இகி என்ற பள்ளத்தில் தேங்கிய லாவா முழுக்கக் கல்லாவதற்கு 30 வருடத்துக்கு மேல் ஆனது. ரீயூனியனில் 2007 ஏப்ரலில் கடலோரச் சாலையை மூடிய லாவாவில், வருடங்கள் கழித்தும் மழை பெய்தால் ஆவி கிளம்பியது.

"தீமிதியில் நடக்கிறோமே?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பூக்குழியில் இருப்பது கரியும் சாம்பலும். அவை சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவதும் ஒரு கணம்தான். லாவாவில் மேல்தோடு உடைந்தால் கால் உள்ளே போகும். சில இடங்களில் அடியில் சுரங்கம் போலக் குழாய் இருக்கும், லாவா அதற்குள்ளே சூடு குறையாமல் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. விளிம்புகள் கண்ணாடிச் சில் மாதிரி கிழிக்கும். அத்தை மகன் எனக்குத் தனியாக இன்னொரு படம் அனுப்பியிருந்தான்: அடி உருகிப் பிளந்துபோன ஷூ.

லாவா மெதுவாகத்தானே வருகிறது, நடந்தே தப்பிக்கலாம் என்பது பாதி உண்மை. முனை பெரும்பாலும் ஆமை வேகம்தான். ஆனால் பின்னால் வாய்க்காலாக ஓடும் இடத்தில் வேகம் வேறு. ஹவாயில் 2018இல் சுமார் 700 வீடுகளை அழித்த வெடிப்பில் அந்த வாய்க்கால் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. லாவா தன் இரண்டு பக்கமும் தானே கரை கட்டிக்கொள்ளும். எங்காவது அடைத்துக்கொண்டால் கரை உடையும். கொள்ளிடத்தில் உடைப்பு எடுத்ததைப் பார்த்தவர்கள் கரைக்குக் கீழே தாழ்ந்த பக்கம் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். இன்னொரு விஷயம்: செடிகொடிகள் லாவாவுக்கு அடியில் காற்றில்லாமல் வேகும்போது மீத்தேன் உண்டாகும். மீத்தேன் என்றால் டெல்டாவில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அது விரிசல் வழியே போய், லாவா இன்னும் வராத இடத்தில் வெடிக்கும்.

இதில் எனக்கு மிகவும் வியப்பானது கடலோரம்தான். லாவா கடலில் விழுந்து விழுந்து புதுநிலம் உண்டாகிறது, அதற்கு எரிமலை ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரும் டெல்டாதான், லாவா டெல்டா. நம் டெல்டா காவிரி ஆயிரக்கணக்கான வருடங்கள் வண்டல் கொண்டுவந்து படியவைத்தது. அது சில வாரங்களிலோ மாதங்களிலோ முளைப்பது. தண்ணீர் பட்டதும் லாவா வெடித்துச் சிதறி, கருமணலும் சல்லியுமாகக் கடலடியில் குவியும். அந்தத் தளர்ந்த குவியல் மேல் ஒரு கல் மூடி. பார்க்க மேடை போல உறுதியாக இருக்கும். அலை அடியை அரித்ததும் மொத்தமாகச் சரியும். 2016 டிசம்பர் 31 அன்று ஹவாயின் கமோகுனா கரையில் இப்படிச் சுமார் 25 ஏக்கர் கடலுக்குள் போனது. நம் கணக்கில் நாலு வேலி நிலம்! செல்ஃபி எடுக்க அதைவிட மோசமான இடம் கிடையாது.

அங்கே எழும்பும் வெள்ளைப் புகையை வெறும் நீராவி என்று நினைப்பதும் தப்பு. உப்புத்தண்ணீரும் லாவாவும் சேரும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொடிக் கண்ணாடியும் அதில் கலந்து வரும். காற்று திரும்பினால் கண்ணும் மூச்சும் எரியும். படகில் போனால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2018 ஜூலையில் ஹவாயில் கடலுக்குள் நடந்த ஒரு வெடிப்பில், சுற்றுலாப் படகின் கூரையைப் பிய்த்துக்கொண்டு கல் விழுந்து 23 பேர் காயப்பட்டார்கள்.

வாயுவைப் பற்றி ஒரு வரி: எரிமலை கக்கும் கந்தக டை ஆக்சைடைத் துணி மாஸ்க் தடுக்காது. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரோடு போவதைவிடப் போகாமலே இருப்பது நல்லது.

சாம்பல் என்ற சொல்லும் ஏமாற்றும். அது அடுப்புச் சாம்பல் அல்ல, பொடியான பாறையும் கண்ணாடியும். கூரையில் சேர்ந்து மழையில் நனைந்தால் சிமெண்ட் மூட்டை கனம். பிலிப்பைன்ஸில் 1991இல் பினட்டுபோ வெடித்தபோது புயல் மழையும் சேர்ந்ததால் கூரை இடிந்தே நிறையப் பேர் இறந்தார்கள். சிவப்பே காட்டாமல் கொல்லும் எரிமலையும் உண்டு. நியூசிலாந்தின் வாக்காரி தீவில் 2019 டிசம்பர் 9 அன்று நீராவி அழுத்தத்தில் வெடித்தது. லாவா ஒரு சொட்டு ஓடவில்லை, 22 உயிர் போனது.

ஊரில் இருந்துகொண்டே செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. அந்தமானின் பாரன் (Barren) தீவு எரிமலை புகைந்தால் போதும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம் வாட்ஸ்அப்பில் சுனாமி வந்துவிடும். 2004இல் பட்ட அடி அப்படி, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று வந்தது சுமத்ரா அருகே நிலநடுக்கத்தால், எரிமலையால் அல்ல. பாரன் தீவு இங்கிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர், 1991இலிருந்து எத்தனையோ முறை வெடித்தும் நம் கரைக்கு ஒன்றும் வரவில்லை. அதற்காக எரிமலையால் சுனாமியே வராது என்று மறுபக்கம் சாயவும் கூடாது. 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவில் அனாக் கிரகடோவாவின் ஒரு பக்கம் கடலில் சரிந்ததில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் தாய் எரிமலையான கிரகடோவா 1883இல் வெடித்தபோது எழுந்த அலை, சிறியதாக, நாகப்பட்டினத்து அலைமானியிலேயே பதிவானது. ஃபார்வர்டை நம்பாமல் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற சுனாமி எச்சரிக்கை மையத்தின் அறிவிப்பைப் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் அத்தையிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே முழுக்கக் கேட்டாள். கடைசியில் தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "அப்ப அவன் எதுக்குடா அங்க போயி நின்னான்?"