பழைய டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் எடுக்கலையா? முதலில் புகையைப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு ஓடும் பழைய ஹைலக்ஸ், பஜேரோ காலையில் அடம்பிடித்தால், "குளோ பிளக் (ஸ்டார்ட் எடுக்கும்முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) போச்சு" என்பதுதான் முதலில் காதில் விழும். நாலு பிளக்கையும் உடனே வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு பிளக் செத்தாலும் ஹைலக்ஸின் 2எல், பஜேரோவின் 4டி56 எஞ்சின்கள் குலுங்கிக்கொண்டாவது பிடித்துவிடும்.

புகையைப் பார்க்கும் முன் பேட்டரி. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருக்கணும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. சுற்றும்போதே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கேபிளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். மெதுவாகச் சுற்றும் டீசல் எஞ்சினில் காற்று எரிகிற சூட்டுக்கு ஏறாது.

பிறகு ஒருவரைச் சாவி போடச் சொல்லிவிட்டுப் புகைக்குழாயைப் பாருங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். ஸ்டார்ட்டர் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. சாவியை ஆன் செய்யும்போது டீசல் பம்பின் ஸ்டாப் சோலனாய்டில் (டீசலைத் திறந்து மூடும் மின்வால்வு) 'டிக்' கேட்கணும். கேட்காவிட்டால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். சத்தம் சரியாக இருந்தால் பில்டர் மேலுள்ள கைபம்பை இறுகும்வரை அமுக்குங்கள். அதன்பின் உடனே பிடித்தால், ராத்திரியில் லைனுக்குள் காற்று ஏறி, டீசல் டாங்கிக்கே திரும்புகிறது என்று அர்த்தம். மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் இது மோசமாகும். ஒரு ராத்திரி மூக்கைப் பள்ளம் பார்க்க நிறுத்துங்கள். செலவில்லாத சோதனை இது.

காற்று ஏறும் ஓட்டை ஈரமாக இருக்காது, காரணம் அது உறிஞ்சும் பக்கம். அதனால் தரையில் சொட்டைத் தேடிப் பயனில்லை. பம்புக்குள் போகும் ஹோஸில் உள்ளே தெரிகிற ஒரு சாண் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, குமிழி ஓடுகிறதா பாருங்கள். வழக்கமான குற்றவாளிகள்: இஞ்செக்டர்களை (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சுபவை) இணைக்கும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ், பில்டர் வடிகால் திருகின் ஓ-ரிங், கிளாம்புக்கு அடியில் துருப்பிடித்த பைப். நம் எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும் டீசலில் செம்பனை பயோடீசல் கலந்திருக்கிறது. அது பழைய ரப்பரை ஊதவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். பயோடீசல் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். பில்டர் அடியில் ஒரு கப் வடித்துக் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தங்கும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. இப்போது பிளக்கைப் பார்க்கலாம். மேலுள்ள தகட்டுப் பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்தால், நல்லது ஏறக்குறைய 1 ஓம் காட்டும், செத்தது எதுவும் காட்டாது. பேட்டரியை நேராகக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். சில பிளக் 6 வோல்ட்டுக்கானவை, எரிந்துபோகும். ஸ்டார்ட் எடுக்க அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயும் கூடவே கூடாது, சூடான பிளக்கில் பட்டால் வெடிக்கும். பிளக் எல்லாம் சரி என்றால் வால்வு இடைவெளி, டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா, கடைசியாகக் கம்ப்ரெஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் பலம்) என்று பாருங்கள்.

காலையில் சுலபமாகப் பிடித்து, சூடான பிறகு பிடிக்காவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் தண்ணீர்போல் இளகி உள்ளேயே கசிகிறது. குளிர்ந்த ஈரத்துணியைப் பம்ப் தலையில் கொஞ்ச நேரம் போர்த்திவிட்டுச் சாவி போடுங்கள். அப்போது பிடித்தால், பம்பைக் கழற்றி டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள்.